மிருதங்கம், இயற்பியல், மானுடவியல்: மூன்றையும் சேர்த்து நானே ஒரு மேஜர் அமைத்துக்கொள்ளலாமா?

காவிரிக்கரை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், எஃப்-1 மாணவர் விசா. சொந்த ஊர் கும்பகோணம். இயற்பியல் மேஜர் (முதன்மைப் பாடம்) என்றுதான் சேர்ந்தேன்.

இங்கே ஒரு திட்டம் இருக்கிறது. இருக்கிற மேஜர்களில் ஒன்றை எடுக்காமல், பல துறைகளிலிருந்து பாடங்களைத் தேர்ந்தெடுத்து நாமே ஒரு மேஜரை வடிவமைத்துக்கொள்ளலாம். ஒரு பேராசிரியர் பொறுப்பேற்க வேண்டும். முன்மொழிவு எழுதிக் குழுவுக்குக் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்டால் பட்டத்தில் நாம் வைத்த பெயரே வரும்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன செமஸ்டர் அலைகள் வகுப்பில் வட்டமான தோல் சவ்வு எப்படி அதிரும் என்று பாடம் நடந்தது. அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று வரும். முழு எண் மடங்காக எதுவும் வராது, அதனால் தோற்கருவியில் தெளிவான சுரம் நிற்காது என்றார் பேராசிரியர். நான் ஏழு வயதிலிருந்து மிருதங்கம் வாசிக்கிறவன். வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், ஸ்ருதியோடு ஒட்டி நிற்பதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். வகுப்பு முடிந்ததும் தேடினேன். சி.வி. ராமன் 1920இலேயே சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், 1934இல் இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார். வலந்தலையின் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சுதான் காரணம், அதைச் சோறு என்போம். அதன் எடையால் ஒன்பது அதிர்வு முறைகள் (தோல் அதிரும் விதங்கள்) நகர்ந்து ஐந்து சுரங்களாகச் சேர்ந்துவிடுகின்றன, அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற மடங்கில் நிற்கின்றன.

படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் குருவின் வீட்டுத் திண்ணை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒருவர் வந்து உட்கார்ந்து மிருதங்கங்களுக்குச் சோறு போடுவார். கல்லைப் பொடித்து, குழைய வடித்த சோற்றோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு எடுத்துத் தோலில் தேய்ப்பார். வழுவழுப்பான ஒரு கல்லால் அது காயும்வரை தேய்ப்பார். தட்டிப் பார்ப்பார். மறுபடி ஒரு பூச்சு. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

இயற்பியல், இசை, மானுடவியல், பொருளறிவியல், கணினி, சமஸ்கிருதம் எல்லாவற்றிலிருந்தும் பாடம் எடுத்து ஒரு மேஜர் செய்யலாம் என்று நினைக்கிறேன். அப்பா கேட்பது ஒன்றுதான்: "படிப்புக்குப் பேர் என்னடா? ஊர்ல கேட்டா என்ன சொல்றது?" கல்விக்கடன் அவர் பேரில் இருக்கிறது, அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இப்படிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சார்லட் செந்தில்:

தம்பி, ஆர்வம் நல்லது. ஆனால் விசா பக்கத்தை முதலில் பார்த்துவிடு, மற்றது அப்புறம்.

பட்டம் முடித்ததும் ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம் கிடைக்கும். படித்தது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். இதைத் தீர்மானிப்பது பட்டத்தின் அழகான பெயர் கிடையாது, உன் ஐ-20யில் (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) இருக்கும் சிஐபி எண், அதாவது படிப்பின் வகை எண். இயற்பியலுக்கு 40.0801, அது பட்டியலில் இருக்கிறது. பல்துறைப் படிப்புகள் 30 என்று தொடங்கும் தொகுதியில் வரும். அதில் டேட்டா சயின்ஸ் போலச் சில எண்கள் பட்டியலில் உண்டு, எல்லாம் கிடையாது. நீயே வடிவமைத்த மேஜருக்கு உன் பல்கலைக்கழகம் எந்த எண் போடுகிறது என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேள். வாய்வார்த்தையாக வேண்டாம், மின்னஞ்சலில் பதில் வாங்கி வை. அந்த 24 மாதம் போனால் வேலை தருகிறவர் உனக்காக ஹெச்-1பி வேலை விசாக் குலுக்கலில் எத்தனை தடவை பேர் போட முடியும் என்பதும் குறைந்துவிடும்.

என்னைக் கேட்டால் இயற்பியல் மேஜர், இசை மைனர் (துணைப்பாடம்). முடிந்தது. மிருதங்கத்தை யாரும் உன்னிடமிருந்து பிடுங்கப் போவதில்லை.

அவுரி:

செந்தில் அண்ணா சொன்ன விசா விஷயம் அத்தனையும் சரி. முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். கடைசியில் சொன்னதில்தான் எனக்கு வேறு கருத்து. அதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் இந்தப் பாதையில் படித்தவள்.

நான் சின்னாளப்பட்டிக்காரி, அப்பாவுக்குச் சாயப்பட்டறை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் வேதியியல் படிக்கப் போனேன். அங்கே பிடிஐசி என்று ஒரு திட்டம் உண்டு, நீ சொல்கிற மாதிரியேதான். பக்கத்திலேயே ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர், ஆம்ஹெர்ஸ்ட் என்று நான்கு கல்லூரிகள். ஐந்தும் ஒரு கூட்டமைப்பு. ஒன்றில் சேர்ந்தவர் மற்றவற்றிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் பாடம் எடுக்கலாம், பஸ்ஸும் இலவசம். காலையில் எங்கள் வளாகத்தில் கரிம வேதியியல், மத்தியானம் பஸ் ஏறி ஸ்மித்தில் கலை வரலாறு என்று என்னால் ஓட முடிந்ததற்கு அந்த ஏற்பாடு பெரிய காரணம். இந்த மாதிரி மேஜருக்குச் சுற்றுப்புறம் எவ்வளவு முக்கியம் என்பது உள்ளே போனால்தான் புரியும்.

என் மேஜர் ஒரு துணியில் ஆரம்பித்தது. ஓர் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைச் சீட்டித்துணி ஒன்றைக் காட்டினார்கள். பூக்களின் சிவப்பு நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது. பூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருந்த இடத்தில் கோடே இல்லை. துணி அந்த வரி வரியாகவே இற்று விழுந்திருந்தது, பிளேடால் கீறிய மாதிரி. ஒரே துணி, ஒரே பட்டறை, ஒன்று நிற்கிறது, இன்னொன்று துணியையே தின்றுவிட்டது. ஏன்?

பாதி விடை வேதியியலில் இருக்கிறது. சிவப்பு சாயவேரிலிருந்து வருவது, படிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கறுப்புக்கு இரும்பை ஊறவைத்த நீரையும் கடுக்காயையும் சேர்ப்பார்கள். அந்த இரும்பு நாளடைவில் நாரை அரிக்கிறது. மீதி விடைக்கு வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் துணி எந்தச் சந்தைக்காக வரையப்பட்டது, யார் கேட்டதால் கோடு அவ்வளவு தடிமன் ஆனது, சாயக்காரர்களுக்கு இரும்பு அரிக்கும் என்பது தெரிந்திருந்ததா? வணிக வரலாறு, தாவரவியல், கலை வரலாறு எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் தானாக வந்து சேர்ந்தன.

நீ எழுதியதில் ஆறு துறைகளின் பெயர் இருக்கிறது. குழு அதைப் பார்த்ததும் கேட்கப்போவது செந்தில் அண்ணா கேட்டதைத்தான்: ஒரு மேஜர், ஒரு மைனர் போதாதா? இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் முன்மொழிவு தேறும். இல்லையென்றால் தேறாது, தேறவும் கூடாது என்பேன். பிடித்த பாடங்களின் பட்டியலை மேஜராக்கக் கேட்டு வருகிறவர்கள் நிறைய. எந்தத் துறையும் தனியாகப் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியோடு வருகிறவர்கள் குறைவு.

உன்னிடம் அந்தக் கேள்வி இருக்கிறது, தம்பி. நீயே எழுதியும்விட்டாய், ஆனால் பாடப்பட்டியல் பக்கம் போய்விட்டாய். "எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்." அதுதான். ராமன் அளந்து சொன்னது முடிந்த மிருதங்கத்தை. திண்ணையில் உட்கார்ந்தவர் முடியாத மிருதங்கத்தோடு வேலை செய்கிறார். ஒவ்வொரு பூச்சுக்கும் எந்த அதிர்வு முறை எவ்வளவு நகர்கிறது, அவர் காது அதில் எதைக் கேட்கிறது, அதை அவர் என்ன சொல்லால் சொல்கிறார், யாரிடம் கற்றார்? இயற்பியல் துறைக்கு மட்டும் போனால் கைவினைஞர் வெறும் பின்னணி ஆகிவிடுவார். மானுடவியலுக்கு மட்டும் போனால் அதிர்வெண் அடிக்குறிப்பாகிவிடும். இதை அப்படியே ஒரு பக்கம் எழுது. குழுவின் கேள்விக்கு அதுதான் பதில்.

அப்புறம், சமஸ்கிருதத்தை எடுத்துவிடு. நல்ல மொழி, ஆனால் இந்தக் கேள்விக்கு வேலை செய்யவில்லை. கணினியைத் தனித்துறையாகப் போடாமல் சமிக்ஞைப் பகுப்பாய்வுப் பாடம் ஒன்று, ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே முறை எல்லாம் வருவது, அதை மட்டும் வை. இயற்பியலில் ஆழமாக இறங்கு. மூன்று துறையிலும் முதலாண்டுப் பாடம் மட்டும் எடுத்துப் பட்டம் வாங்கினவரை முதுகலைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள். ஒரு துறையிலாவது அந்தத் துறை மாணவரோடு சமமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

நடைமுறையில் எதிர்பாராமல் இடிப்பது பதிவு நாள்தான். மேல்நிலைப் பாடங்களில் துறை மாணவர்களுக்குத்தான் முதல் இடம். ஆய்வகப் பாடம் என்றால் இருக்கைகள் எண்ணிப் போட்டது. நீ எந்தத் துறைக்கும் சொந்தம் கிடையாது என்பதால் ஒவ்வொரு பேராசிரியருக்கும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் சபாட்டிக்கல் என்ற ஆய்வு விடுப்பில் போவார்கள், பாடம் ஒரு வருஷம் நடக்காமல் போகும். ஆகவே முன்மொழிவில் ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடம் எழுதி வை. குழுவும் இதை விரும்பும்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வில் ஷார்ட்ஸ் என்பவர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இதே மாதிரியான திட்டத்தில் 1974இல் பட்டம் வாங்கினார். மேஜரின் பெயர் எனிக்மட்டாலஜி, அதாவது புதிர்களைப் பற்றிய படிப்பு. ஆய்வேடு 1860க்கு முந்தைய அமெரிக்கச் சொற்புதிர்களின் வரலாறு. அதற்குப் பிறகு வர்ஜீனியாவில் சட்டம் படித்தார், சட்டக் கல்லூரி அந்தப் பெயரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை. 1993இலிருந்து நியூயார்க் டைம்ஸின் குறுக்கெழுத்து ஆசிரியர். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லவில்லை. பட்டத்தின் பெயர் புதிதாக இருந்தால் அடுத்த கதவு சாத்தப்படும் என்ற பயத்துக்கு மட்டும் இது பதில்.

என் விஷயத்தில் கதவு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்தேன். அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் வேலைக்கு இங்கே பெரும்பாலும் முதுகலை படித்திருக்க வேண்டும். வின்டர்தூரும் டெலாவேர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் படிப்பு மாதிரி இடங்களில் கரிம வேதியியல் உட்பட வேதியியல், கலை வரலாறு, கைவேலைப் பயிற்சி எல்லாம் முன்தகுதியாகக் கேட்பார்கள். வழக்கமான ஒரே துறையில் இவ்வளவும் கிடைப்பது அரிது. என் மேஜர் அந்தப் பட்டியலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. இன்று துணிப் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறேன். நீயும் இசை ஒலியியல் முதுகலையா, பொருளறிவியலா, இனவரைவியலா என்று இரண்டு மூன்று இடங்களின் முன்தகுதியை இப்போதே எடுத்து எதிரில் வைத்துக்கொள்.

காவிரிக்கரை:

அக்கா, மிக்க நன்றி. இரண்டு தடவை படித்தேன். செந்தில் அண்ணாவுக்கும் நன்றி, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். நான் பயந்த மாதிரியே எண் 30 தொகுதியில், ஸ்டெம் பட்டியலில் இல்லாத ஒன்று. ஆனால் இயற்பியலையும் இன்னொரு மேஜராக முடிக்க முடியும் என்றார்கள். பொதுவான பாடங்கள் சிலவற்றை இரண்டுக்கும் கணக்கு வைக்கலாம். எட்டு செமஸ்டரில் முடியுமா என்று போட்டுப் பார்த்தேன். கோடையில் ஒரு பாடம் எடுத்தால் முடிகிறது, ஐ-20 தேதியைத் தாண்டாது. ஐ-20யில் இயற்பியலை முதல் மேஜராகப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: "மிருதங்கம் செய்பவர் வலந்தலைக்குச் சோறு பூசும்போது, பூச்சை எங்கே நிறுத்துவது என்று எதைக் கேட்டுத் தீர்மானிக்கிறார்? அந்தத் தீர்மானத்தை அதிர்வு முறைகளின் அளவீட்டோடு வைத்துப் பார்த்தால் எவை ஒத்துப்போகின்றன, எவை ஒத்துப்போகவில்லை?" பெயர் "இசை ஒலியியலும் கைவினை அறிவும்". அப்பாவிடம் சொன்னேன். "பிசிக்ஸும் இருக்குல்ல, சரி" என்றார்.

இரண்டு சந்தேகம். பொறுப்பேற்கும் பேராசிரியரை எப்படி அணுகுவது? அடுத்த கோடையில் ஊருக்குப் போய் மிருதங்கம் செய்பவர்களிடம் பேசலாமா, அதற்கு அனுமதி வேண்டுமா?

மாலா டீச்சர், திருச்சி:

கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி எழுதிய கேள்வி நன்றாக இருக்கிறது, ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்வேன்.

திண்ணையில் உட்கார்ந்தவர் ஏன் திண்ணையோடு நின்றார்? தஞ்சாவூர்ப் பக்கம் மிருதங்கம் செய்யும் குடும்பங்களில் பலர் தலித் கிறித்தவர்கள், பல தலைமுறையாக இந்தத் தொழில். மாட்டுத்தோலைக் கையாளும் வேலை அவர்களுடையது, மேடையும் பெயரும் வாசிப்பவருடையது. "எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும், யாரும் கேட்டதில்லை" என்று நீயே எழுதியிருக்கிறாய். ஏன் கேட்கவில்லை என்பதும் உன் ஆய்வுக்குள் வர வேண்டும். காதைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிதான் கிடைக்கும்.

போகும்போது அவர்களின் வேலைநேரத்துக்குப் பணம் கொடு. அவர்கள் சம்மதித்தால் பெயரைப் போடு. "ஒரு கைவினைஞர் சொன்னார்" என்று எழுதாதே. எழுதி முடித்ததைத் தமிழில் அவர்களிடம் படித்துக் காட்டு.

இன்னொன்று. ஊருக்குத் திரும்பி இங்கே எம்.எஸ்சி. இயற்பியலில் சேரும் எண்ணம் இருந்தால், இங்கே இளங்கலையில் இயற்பியல் என்று எதிர்பார்ப்பார்கள், வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள். இரண்டு மேஜர் எடுப்பது அதற்கும் நல்லது.

அவுரி:

மாலா டீச்சர் சொன்னதை முன்மொழிவின் இரண்டாவது பத்தியிலேயே வை. பின்னிணைப்பாக ஆக்காதே. மானுடவியல் துறை எதற்கு என்று குழு கேட்டால் அதுதான் காரணம்.

பேராசிரியர் விஷயம். எடுத்ததும் "எனக்குப் பொறுப்பேற்பீர்களா" என்று எழுதாதே, அது அவருக்கு இரண்டு வருஷ வேலை. கேள்வி எழுதிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொண்டு அலுவலக நேரத்தில் போ. அலைகள் பாடம் எடுத்தவரிடமே முதலில் போ, 1.59 என்று அவர் போர்டில் எழுதியதிலிருந்துதானே இது வந்தது. அவரிடமே ராமன் கட்டுரையைக் காட்டு. ஆர்வம் இருப்பவர் தானாகவே அடுத்த கேள்வி கேட்பார், "இதை எப்படி அளப்பாய்?" என்று. அதற்குக் கையில் கொஞ்சம் பதில் இருக்கட்டும். உன்னிடம் இருக்கும் மிருதங்கத்தையும் கைப்பேசியையும் வைத்து வலந்தலையில் மீட்டு, சாப்பு என்ற இரண்டு அடிகளையும் பதிவு செய்து, எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று காட்டும் நிறமாலை எடுத்துக்கொண்டு போ. ஐந்து சுரமும் கோடுகோடாகத் தெரியும். இசைத் துறையிலோ மானுடவியலிலோ இரண்டாவது ஒருவரைப் பிறகு அவரே கைகாட்டுவார்.

இசைப் பக்கம் உன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை தெரிந்தவர் இல்லையென்றால் கலங்க வேண்டாம். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960களிலேயே மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் அங்கே போய்க் கற்பித்தார், அவர் தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கே பல வருஷம் இருந்தார். இன்றைக்கும் நவராத்திரி நடத்துகிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு எழுதிக் கேள், வெளியிலிருந்து ஆலோசகராக ஒருவர் இருக்க உன் திட்டம் அனுமதிக்கலாம்.

கோடைக்கால ஊர்ப்பயணத்துக்கு அனுமதி கண்டிப்பாக வேண்டும். மனிதர்களிடம் பேசி ஆய்வு செய்வதென்றால் பல்கலைக்கழகத்தின் ஐஆர்பி என்ற ஆய்வு நெறிமுறைக் குழு முதலில் பார்க்க வேண்டும். விலக்கு உண்டா, முழுப் பரிசீலனையா என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். ஒப்புதல் வருவதற்கு முன் எடுத்த நேர்காணலை அப்புறம் ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் நீயே எழுது, வாய்மொழிச் சம்மதத்துக்கும் சேர்த்துக் கேள். பெயர் போடலாமா கூடாதா என்று தனித்தனிக் கட்டம் வைத்தால் மாலா டீச்சர் சொன்னதற்கும் வழி கிடைக்கும். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது சகஜம், வாரக்கணக்கில் போகும்.

ஒரு பக்க வரைவை எழுதியதும் இங்கேயே போடு, பார்த்துச் சொல்கிறேன். ஐஆர்பி விண்ணப்பத்தை மட்டும் பிப்ரவரிக்கு மேல் தள்ளாதே.